வெலாஸ்கெஸிடம் பாடம் கேட்ட சார்ஜென்ட்

1879-இல், தன் ஆசிரியர் கரோலஸ் துரானை வரைந்த உருவப்படத்துக்காகப் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றார் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். அப்போது அவருக்கு வயது 23. அந்தப் பெயரை வைத்துப் பணக்காரர்களின் படங்களை வரையத் தொடங்கியிருக்கலாம். அவரோ அதே ஆண்டு மாட்ரிட் போய், பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய மேதை வெலாஸ்கெஸின் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். மறு ஆண்டு ஹாலந்தின் ஹார்லெம் நகருக்குப் போய் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் படைப்புகளைப் பார்த்து வரைந்தார்.

மூன்று மீட்டருக்கும் மேல் உயரமுள்ள வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை சார்ஜென்ட் அதைவிடச் சிறிய கான்வாஸில்தான் நகலெடுத்தார். நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு, வெளிச்சம் எங்கே விழுகிறது, இருட்டு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதையே கவனித்தார். கரோலஸ் துரான் கற்றுக்கொடுத்த முறையும் அதுதான். கோடு போட்டு முடித்து வண்ணம் நிரப்புவதல்ல. பிரஷ்ஷாலேயே முகத்தின் தளங்களை நடுத்தரமான நிறங்களில் அமைத்து, பிறகு நிழலுக்கும் ஒளிக்கும் போவது.

இதைப் பழக, மேதையின் படத்தைவிடச் சிறந்த மாடல் கிடையாது. உயிருள்ள மனிதர் அசைவார். ஜன்னல் வெளிச்சம் மாறும். ஓவியத்திலோ எல்லாம் நிலைத்து நிற்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற முடிவுகளை மேதை ஏற்கெனவே எடுத்துவிட்டார். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதே நகலெடுப்பவரின் வேலை.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு தலையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, பெரிய நிழல் வடிவங்கள் தெரியும். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கு நிறங்கள் போதும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் இந்தப் பேலட் புகழ்பெற்றது. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சரும நிறத்துக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் போட வேண்டும். மேலே போகப்போக லின்சீட் எண்ணெய் கூடலாம். மாற்றிச் செய்தால் நாளடைவில் வண்ணம் வெடிக்கும்.

ஓரங்களையும் கவனியுங்கள். மூக்கின் ஒளிபட்ட பக்கம் தெளிவாக இருக்கும். நிழல்பக்கக் கன்னம் பின்னணியில் கரைந்திருக்கும். எல்லா ஓரங்களையும் ஒரே கூர்மையில் வரைந்தால் முகம் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். அச்சுப்படத்திலும் செல்போன் திரையிலும் நிறம் மாறிவிடும். பூச்சின் கனமும் தெரியாது. முடிந்தவரை அசலைத் தேடிப் போய்ப் பாருங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலேயே ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் உண்டு.

மாட்ரிட்டில் படித்த பாடம் 1882-இல் பலன் தந்தது. ‘எட்வர்ட் டார்லி பாய்ட்டின் மகள்கள்’ ஓவியத்தில் இருண்ட அறையும், விலகி விலகி நிற்கும் சிறுமிகளும் வெலாஸ்கெஸை நினைவூட்டினாலும் அது முழுக்க சார்ஜென்ட்டின் படைப்பு. 2010-இல் பிராடோ அதை வரவழைத்து ‘லாஸ் மெனினாஸ்’ அருகிலேயே காட்சிக்கு வைத்தது.

நகல் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைத் தன் கற்பனை என்று சொல்லிக்கொள்வதுதான் தவறு. யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதைப் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள். பிறகு உங்கள் வீட்டு மனிதர் ஒருவரை உட்காரவைத்து, கற்றதையெல்லாம் கொண்டு அவரை வரையுங்கள்.