கொசுவைத் தடுக்கும் வலை பூனையைத் தடுக்குமா?

உங்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? ஜன்னலில், ஒட்டுப்பட்டையால் ஒட்டிய நைலான் கொசுவலை இருக்கிறதா? அப்படியானால் இன்றே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலையின் நடுவில் விரலை வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். வலை சற்று உப்பும்; ஆனால் கழன்றுவிடாது. இப்போது வலையின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, அறைப்பக்கமாக இழுங்கள். 'பர்ர்' என்ற ஓசையுடன் கழன்று வந்துவிடும்!

முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு, "நம் வீட்டு வலை உறுதியானது" என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். எங்கள் பூனைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மழை விட்ட ஓர் இரவு, விளக்கைத் தேடி வந்த பூச்சிகளுக்காக ஒரு பல்லி வலையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பூனை ஒரே தாவலில் வலையைப் பற்றித் தொங்கியது. அதட்டி இறக்கினோம். வலை எங்கும் கிழியவில்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்கினோம்.

விடியற்காலையில் காவலாளி மணியடித்தார். "சார், உங்க பூனை கீழ் வீட்டு சன்ஷேடுல உக்காந்து கத்துது!"

வலையின் கீழ் மூலை ஒரு சாண் அளவுக்குக் கழன்று தொங்கியது. வலை கிழியவில்லைதான். ஆனால் பூனைக்குக் கிழிசல் தேவைப்படவே இல்லை.

பூனை தொட்டது வலையின் நடுப்பகுதியை; கழன்றதோ மூலை. இது எப்படி? துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாகக் கட்டிய கயிற்றின் நடுவில் 4 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுகிறோம். கயிறு இருபுறமும் 10 பாகை சரிகிறது என்றால், ஒவ்வொரு பக்க முளையின் மீதும் எவ்வளவு இழுவிசை இருக்கும்? பாதிப் பாதியாக 2 கிலோகிராம் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ பதினொன்றரை கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வருகிறது. கயிறு இன்னும் விறைப்பாக இருந்து 5 பாகை மட்டுமே சரிந்தால் அது 23 கிலோகிராம்! (உங்கள் இயற்பியல் புத்தகத்தில் விசைகளின் கூறுகள் பற்றிய பாடத்தைப் புரட்டினால் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம்.) வலை என்பது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பல கொடிக்கயிறுகளே. விசையை நான்கு விளிம்புகளும் பங்கிட்டுக்கொண்டாலும், நடுவில் கொடுத்த சிறு இழுப்பு விளிம்பில் பெருவிசையாகிறது என்ற உண்மை மாறுவதில்லை.

அந்த விளிம்பில் இருப்பது என்ன? ஒரு பட்டையில் நுண்ணிய கொக்கிகள், மற்றொன்றில் நுண்ணிய நூல் வளையங்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தம் ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டிக்கொண்ட முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தந்திரம் இது. 1955ல் அவர் காப்புரிமை பெற்ற வெல்க்ரோதான் இந்த ஒட்டுப்பட்டை. இரண்டு பட்டைகளையும் பக்கவாட்டில் இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் சேர்ந்து எதிர்க்கும், பிரிப்பது கடினம். ஒரு முனையிலிருந்து உரித்தால், ஒரு நேரத்தில் ஒரு வரிசைக் கொக்கிகள் மட்டுமே எதிர்க்கும். அது விட்டதும் அடுத்த வரிசை. மூலையில் அந்த வரிசையும் மிகக் குறுகியது. கடித உறையிலிருந்து அஞ்சல்தலையை எடுக்கும்போது நீங்கள் மூலையிலிருந்துதானே தொடங்குகிறீர்கள்?

பெரும்பாலான வீடுகளில் பட்டை ஜன்னல் சட்டத்தின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வெளியே தள்ளினால் வலை சட்டத்தோடு அழுந்துகிறது, ஆகையால் தாங்குகிறது. ஆனால் பூனை தள்ளவில்லை, தொங்கியது. அதன் உடலின் எடை அறைப்பக்கம் இருப்பதால், முன்கால் நகங்கள் வலையை உள்நோக்கி இழுக்கின்றன. பின்கால்கள் வெளிநோக்கி உந்துகின்றன. உள்நோக்கிய இழுப்பு, உரிக்கும் இழுப்பு! முதல் நாள் சற்றே விட்டுக்கொடுத்த மூலையை, இரவில் பூனை பாதத்தால் கிளறிப் பெரிதாக்கியிருக்க வேண்டும்.

ஒரு சாண் துளை போதுமா என்று கேட்பீர்கள். நமக்குக் காறை எலும்பு தோள்பட்டையையும் மார்பெலும்பையும் இணைத்து, தோள்களை விரித்து வைத்திருக்கிறது. பூனையின் காறை எலும்போ மிகச் சிறியது. வேறு எந்த எலும்போடும் இணையாமல் தசைக்குள் புதைந்து கிடக்கிறது. எனவே பூனையின் தோள்கள் ஒடுங்கிக்கொள்ளும். பெரும்பாலும் தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். ஜன்னலின் இரும்புக் கிராதி திருடனுக்குத்தான் தடை, பூனைக்கு வாசல்.

"விழுந்தால்தான் என்ன? பூனை காலூன்றி நிற்குமே!" என்பார்கள் சிலர். உண்மைதான். தலைகீழாக விழும் பூனை காற்றிலேயே திரும்பிக்கொள்வதை, பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் மாரே 1894ல் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். உந்துவதற்குப் பிடிமானம் இல்லாமல் ஒரு பொருள் எப்படித் திரும்பும் என்று அறிஞர்கள் திகைத்தனர். பூனை தன் உடலை இடுப்பில் வளைத்து, முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே சுழற்றுகிறது. முதலில் முன்கால்களை மடக்கி, பின்கால்களை நீட்டிக்கொள்கிறது. அப்போது முன்பாதி அதிகம் திரும்ப, பின்பாதி எதிர்த்திசையில் சிறிதே திரும்புகிறது. பிறகு முன்கால்களை நீட்டிப் பின்கால்களை மடக்கி, மீதியையும் திருப்பிக்கொள்கிறது.

ஆனால் காலூன்றி இறங்குவது வேறு, காயமின்றி இறங்குவது வேறு. 1984ல் நியூயார்க்கில் ஒரே விலங்கு மருத்துவமனைக்கு 5 மாதங்களில், மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன என்று 1987ல் வெளியான கட்டுரை கூறியது. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்றும் அதில் சொல்லப்பட்டதால், பூனைக்கு உயரம் ஒரு பொருட்டே அல்ல என்ற பேச்சு பரவிவிட்டது. கொஞ்சம் சிந்தியுங்கள். விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வார்கள்? கணக்கில் வந்தவை, அங்கு வந்து சேர்ந்தவை மட்டுமே. அவற்றிலும் பத்தில் ஒன்பதுக்கு மார்பில் காயம்; பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முகத்தில் காயம். குரோவேஷியாவின் சாக்ரெப் நகர மருத்துவர்கள் 119 பூனைகளை ஆராய்ந்து 2004ல் வெளியிட்ட கட்டுரையில், ஏழாவது மாடியிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ விழுந்தவற்றுக்கே அதிகக் கடுமையான காயங்கள் என்று கண்டனர். விழுந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு வயது நிரம்பாதவை. ஆண்டின் வெப்பமான மாதங்களில்தான் அதிகம் விழுந்தன. ஜன்னல்கள் திறந்திருக்கும் காலம் அல்லவா!

எங்கள் பூனை சன்ஷேடில் நின்றதால் தப்பியது. அங்கிருந்து அதனால் இறங்க முடியவில்லை. பூனையின் நகங்கள் பின்னோக்கி வளைந்தவை. ஏறுவதற்கு உதவும், தலைகீழாக இறங்கும்போது பிடிக்காது. பக்கத்துக் கட்டடத்தில் வண்ணம் பூசியவர்களின் மூங்கில் ஏணியை வாங்கி, ஒருவர் ஏறிச் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் கையில் மூன்று கீறல்கள்.

அதன்பிறகு நாங்கள் செய்தது எளிய வேலை. நைலான் வலைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வலையை வாங்கி, அதன் விளிம்பின் மேல் நான்கு புறமும் ரீப்பர் கட்டைகளை வைத்துத் திருகாணியால் இறுக்கினோம். ஒட்டுப்பட்டையில் பிடிப்பு வரிசை வரிசையாகப் போகும். கட்டை விளிம்பு முழுவதையும் ஒருசேர அழுத்திப் பிடிப்பதால் உரிப்பதற்கு முனையே இல்லை. எஃகு வாங்க வசதியில்லாவிட்டால், இருக்கிற வலையின் மேலேயே கட்டையை அடியுங்கள். உறுதியான விளிம்பில் உள்ள சாதாரண வலை, நழுவும் விளிம்பில் உள்ள எஃகு வலையைவிட மேல் என்பது என் கருத்து. நகர்த்தும் வகை வலைக்கதவாக இருந்தால் தாழ்ப்பாள் அவசியம். பூனை பாதத்தாலேயே அதைத் தள்ளித் திறந்துவிடும். பால்கனிக்குப் புறாவலை கட்டும்போதும் நடுவைப் பார்க்காதீர்கள், கொக்கிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். வேடிக்கை பார்க்க ஜன்னலருகே ஒரு பலகை போட்டுவிட்டால் வலையில் தொங்கும் ஆசை கொஞ்சம் குறையும். கருத்தடை அறுவை செய்த பூனைக்கு வெளியே அலையும் நாட்டமும் குறையும். இதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் பூனையைக் காணவில்லையா? தெருத்தெருவாக ஓடாதீர்கள். வீட்டுப் பூனை பெரும்பாலும் அருகிலேயே பதுங்கியிருக்கும்: சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்புறம், நிறுத்தி வைத்த வண்டியின் கீழ். தெரு அடங்கிய பிறகு பெரியவர் ஒருவரோடு டார்ச் விளக்குடன் செல்லுங்கள். விளக்கை உங்கள் கண்ணுக்கு அருகில் பிடித்து ஒளியைச் செலுத்துங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்பான படலம், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்தால், அங்கேயே உட்கார்ந்து மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.