சிறுகோளுக்கும் ஒரு நிலா

கோள்களுக்கு நிலா உண்டு. சிறுகோளுக்கு? 1993 ஆகஸ்டில், வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் ஐடா என்ற சிறுகோளைப் படமெடுத்தது. பெரிய ஆன்டெனா சரியாக விரியாததால், படங்கள் முழுதாக வந்து சேர மாதக்கணக்காயிற்று. 1994 பிப்ரவரியில் அவற்றை அலசிய ஆன் ஹார்ச், ஐடாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டைக் கவனித்தார். படத்தில் விழுந்த தூசு இல்லை, நிலாவேதான்! டாக்டைல் என்று பெயரிட்டார்கள். ஐடாவின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். டாக்டைலின் குறுக்களவோ ஒன்றரை கிலோமீட்டர்தான். அங்கே நின்று ஓங்கி ஒரு குதி குதித்தால் போதும், அப்படியே மிதந்து போய்விடுவோம். நிலா வைத்திருக்கும் சிறுகோள்கள் இன்று நூற்றுக்கணக்கில் தெரியவந்துள்ளன. 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதியதும் அப்படியொரு நிலாமீதுதான்.