தொடருந்து நிலையம்சார் நகரப் புத்தாக்கம்

தொடருந்து நிலையம்சார் நகரப் புத்தாக்கம் என்பது, ஒரு நிலையத்தைப் புதிதாகவோ திருத்தியோ அமைக்கும்போது, அதைச் சுற்றியுள்ள நலிந்த பகுதியும் வளம்பெறும் வகையில் திட்டமிடும் முறை ஆகும்.

வடிவமைப்புக் கூறுகள்

தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. நிலையத்துக்கு ஒருபுறம் மட்டுமே வாயில் இருப்பின், கடைகளும் பேருந்துகளும் அப்பக்கமே சேர்கின்றன; மறுபக்கம் பின்தங்குகிறது. எனவே பின்வருவன முதன்மையானவை:

* இருபுறமும் வாயில்கள்
* பயணச்சீட்டு இல்லாதவரும் தண்டவாளத்தைக் கடக்க உதவும் நடைமேம்பாலம் அல்லது சுரங்கப்பாதை
* வாயிலை ஒட்டிய நகரப் பேருந்து நிறுத்தம்
* நிழலுள்ள நடைபாதை, சாய்தளம், மின்தூக்கி
* சிறு வணிகர்களுக்கான இடம்

போத்தனூர்

கோயம்புத்தூரின் தென்பகுதியிலுள்ள போத்தனூர், தொடருந்தால் வளர்ந்த ஊராகும். சென்னையையும் மலபார்க் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862 இல் போத்தனூர் வழியாக நிறைவுற்றது. 1873 இல் இங்கிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கும், 1915 இல் பொள்ளாச்சிக்கும் பாதைகள் திறக்கப்பட்டன. பணியாளர் குடியிருப்புகளும், சைகை மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனையும் ஊரின் அடையாளங்களாயின.

1956 இல் கோட்டத் தலைமையகம் ஒலவக்கோட்டுக்கு மாறியது. கோயம்புத்தூர் சந்திப்பு நகரின் முதன்மை நிலையமானதால் போத்தனூரின் முக்கியத்துவம் குறைந்தது. 2017 இல் பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் இந்நிலையம், இந்திய இரயில்வே 2022 இல் அறிவித்த அம்ரித் பாரத் நிலையத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிலையத்தை நகரின் இருபுறத்தோடும் இணைத்தல் இத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. முகப்பு மட்டும் புதுப்பொலிவு பெற்றால் பயன் பயணிகளோடு நின்றுவிடும். இருபுற இணைப்பும் பேருந்து வசதியும் அமைந்தாலே அது ஊருக்கும் சென்றடையும்.

பிற எடுத்துக்காட்டுகள்

சென்னைப் பறக்கும் தொடருந்துத் திட்டம் 1995 முதல் 2007 வரை கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டது. பெருமளவு பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அமைந்த இதன் நிலையங்கள், சாலைகளுடனும் பேருந்துகளுடனும் போதிய இணைப்பைப் பெறவில்லை. வணிகத்துக்கென எழுப்பப்பட்ட தளங்கள் பல நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தன. பெரிய கட்டடம் மட்டும் புத்தாக்கம் ஆகாது என்பதற்கு இது சான்றாகும்.

மாறாக, இலண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தின் பின்புறமிருந்த பழைய சரக்கு முனையப் பகுதி, குடியிருப்புகளும் பொதுச் சதுக்கங்களும் கொண்டதாக மாற்றப்பட்டது. அங்கிருந்த தானியக் கிடங்கு 2011 இல் கலைக்கல்லூரியாயிற்று. நிலையத்தின் புதிய பயணியர் கூடம் 2012 இல் திறக்கப்பட்டது.

சிக்கல்கள்

நிலையம் சீரடைந்தால் நிலமதிப்பும் வாடகையும் உயர்கின்றன. அதனால் நெடுங்காலம் அங்கு வாழ்ந்த வாடகைக் குடியினரும் தள்ளுவண்டி வணிகரும் வெளியேற நேரிடலாம். யாருக்காகப் புத்தாக்கம் தொடங்கப்பட்டதோ அவர்களே அதன் பயனை இழக்காதிருக்க, அவர்களுக்கான இடம் தொடக்க வரைபடத்திலேயே குறிக்கப்படுதல் வேண்டும்.