கோப்புப் பட்டியலும் தமிழ் அகரவரிசையும்

கட்டளை வரியின் வழியே கோப்புகளையும் அடைவுகளையும் பட்டியலிடும் கட்டளை, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ‘எல்எஸ்’ எனப்படும். 1971ஆம் ஆண்டின் முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இக்கட்டளை இடம்பெற்றுள்ளது. டாஸில் இப்பணியைச் செய்வது ‘டிர்’ ஆகும். கால வரிசைக்கும் அளவு வரிசைக்கும் ‘எல்எஸ்’ கட்டளையில் தனிக்குறிகள் உண்டு. குறி எதுவும் இல்லையெனில் பட்டியல் பெயர் வரிசையில் அமையும். அப்பெயர் வரிசை எம்மொழியின் வரிசை என்பதே மொழியியலார்க்குரிய வினா.

1. மெய்யெழுத்து வரிசை

‘எல்சி_கொலேட்’ என்னும் சூழல் மாறி இவ்வரிசையை முடிவு செய்கிறது. அதன் மதிப்பு ‘சி’ எனில், எழுத்துகள் குறியீட்டெண் வரிசையிலேயே அடுக்கப்படும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் ‘இஸ்கி’ தரத்தை அடியொற்றியது. இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான அவ்வமைப்பில் நகரத்தை (2984) அடுத்து னகரமும் (2985), ரகரத்தை (2992) அடுத்து றகரமும் (2993) நிற்கின்றன. இதனால் விளையும் வேறுபாடு வருமாறு:

அகராதி வரிசை: மடல், மரம், மலர், மழை, மறை, மனம்.
குறியீட்டெண் வரிசை: மடல், மனம், மரம், மறை, மலர், மழை.

2. புள்ளி

தமிழ்ப் பேரகராதி முறையில் ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் வரும். குறியீட்டு முறையில் புள்ளி (3021) தனிக்குறியாய் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னே நிற்பதால், ‘பகல்’ முந்திக்கொள்கிறது.

3. பயன்பாட்டு நோக்கு

தலைச்சொல் ஒவ்வொன்றையும் தனிக்கோப்பாக வைத்துத் தொகுப்போர்க்கு இது சிறு குறையன்று. பட்டியலின் இறுதியில் ‘மனம்’ என்பதைத் தேடுவோர், அக்கோப்பே இல்லை எனக் கருதி மீண்டும் எழுத நேரும். பட்டியல் அப்படியே அச்சுக்குச் செல்லின், அகராதியின் வரிசையே பிறழும்.

சூழல் மாறிக்குத் தமிழ் வட்டார அமைப்பை மதிப்பாகத் தருதல் ஒரு தீர்வு. ஆயினும் அவ்வமைப்பு கணிப்பொறியில் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். மேற்காட்டிய சொற்களைக் கொண்டு அதனைச் சோதித்தலும் வேண்டும். பெயர்முன் வரிசையெண் இடுவது மற்றொரு தீர்வு. எண்ணும் எழுத்தாகவே ஒப்பிடப்படுவதால் 10 என்பது 2க்கு முன் வரும். ஆதலின் 002, 010 எனச் சுழியம் சேர்த்து எழுதுதல் தகும்.

‘அடைவு’ என்னும் சொல்லுக்கு ‘முறை’, ‘ஒழுங்கு’ என்னும் பொருள்கள் முன்பே உண்டு. ‘சொல்லடைவு’ என்னும் வழக்கும் அதனை உணர்த்தும். கோப்புகளைத் தொகுப்பதோடு அமையாது, அவற்றைத் தமிழ் முறையில் நிறுத்துவதும் அடைவின் கடமையாகும்.