வேக்போர்டு படகு வாங்கும்முன் ஏரியைப் பாருங்க

படகு கட்டுறவங்க பொதுவா எடையைக் குறைக்கத்தான் பாடுபடுவாங்க. வேக்போர்டு படகு மட்டும் நேர் எதிர். ஓடும் படகுக்குப் பின்னால் இருபக்கமும் விரியும் அலைதான் 'வேக்'. கயிற்றைப் பிடித்தபடி பலகையில் வருபவர் அந்த அலையில் ஏறித்தான் காற்றில் தாவுகிறார். படகு ஆழமா அமிழ்ந்தால்தான் அலை பெருசாகும். ஆக, இங்கே காசு கொடுத்து வாங்குவது எடையைத்தான்.

அதனால உள்ளமைப்பே வேற. நீர்ச்சறுக்குப் படகில் இன்ஜின் நடுவில் இருக்கும். அவங்களுக்கு அலை தட்டையா இருக்கணும். வேக்போர்டு படகில் பெரும்பாலும் 'வி-டிரைவ்'. இன்ஜின் பின்கோடியில் திரும்பி உட்கார்ந்திருக்கும். அதன் ஷாஃப்ட் முன்பக்கம் போய், கியர்பெட்டியில் திரும்பி, படகின் அடியில் இருக்கும் புரொபெல்லருக்கு வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுற கதைதான், ஆனா எடை பின்னால் விழுமே! போதாததுக்கு பேலஸ்ட் தொட்டிகள். பொத்தானை அழுத்தினா பம்பு ஏரித் தண்ணியை உள்ளே ஏத்தும். லிட்டருக்கு ஒரு கிலோ. பெரிய படகுகளில் இது 1,000 கிலோவைத் தாண்டும். (பெட்ரோலும் அதுக்கேத்த மாதிரி குடிக்கும்.)

வாங்கினவங்களுக்குத் தலைவலியும் இதே தண்ணியாலதான். தொட்டியை எவ்வளவு வடிச்சாலும் அடியில் கொஞ்சம் தங்கிடும். குவாகா, ஜீப்ரா ரகச் சிப்பிகளின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாதவை. அந்த மிச்சத் தண்ணியில் அடுத்த ஏரிக்குப் போயிடும். அங்கே பெருகி, தண்ணீர்க் குழாய்களை அடைச்சு, மீன்களுக்கான நுண்ணுயிர் உணவையும் வடிகட்டித் தின்னுடும். அமெரிக்காவின் மீட் ஏரியில் 2007-ல் குவாகா சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. இன்னும் அதை ஒழிக்க முடியல.

கரைக்காரங்களுக்கு வேற கோபம். பெரிய அலை கரை மண்ணை அரிக்கும், கட்டி வெச்ச சின்னப் படகுகளை மோதவிடும். வெர்மான்ட் மாநிலத்தில் 2024 முதல் இதற்கு விதி இருக்கு. கரையிலிருந்து குறைஞ்சது 500 அடி தள்ளி, 20 அடி ஆழத்தில், அப்படிப்பட்ட இடம் தொடர்ச்சியா 50 ஏக்கர் இருந்தால்தான் பெரிய அலை கிளப்பலாம். படகுக்கு ஒரு 'சொந்த ஏரி'யும் சொல்லியாகணும். சின்ன ஏரிக்கரையில் வீடு வெச்சிருக்கிறவர் பெரிய தொட்டிப் படகு வாங்கினா, அதைக் கரையில் நிறுத்தி அழகு பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால ஏரியின் ஆழ வரைபடத்தையும் உள்ளூர் விதியையும் பார்த்துட்டு கடைக்குப் போறதுதான் புத்திசாலித்தனம். இருக்கை நிறம், ஸ்பீக்கர் சத்தமெல்லாம் அப்புறம்.

அடுத்தது குளிர். பல படகு இன்ஜின்கள் ஏரித் தண்ணியை உறிஞ்சித்தான் சூடு தணிச்சுக்கும். தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். முதல் உறைபனிக்கு முன்னால் வடிக்கலைன்னா இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும்.

பழைய படகை எத்தனை மைல் ஓடுச்சுன்னு பார்க்க மாட்டாங்க. எத்தனை மணிநேரம் இன்ஜின் ஓடுச்சுங்கிறதுதான் கணக்கு. அதோட, ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னால் தண்ணி வடிச்சதுக்கு ரசீது இருக்கா, இதுவரை எந்தெந்த ஏரியில் இறங்கிச்சுன்னும் கேளுங்க. ஓட்டிப் பார்க்கும்போது தொட்டிகளை நிரப்பச் சொல்லுங்க. பம்பு வேலை செய்யுதா, அவ்வளவு எடையோட இன்ஜின் திணறாம இழுக்குதான்னு அப்பதான் தெரியும்.