உக்கிய கட்டையில் ஓர் உயிர்

மலர்களின்மேல் அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் ஈயினங்கள் பல. அவற்றுள் காண்டற்கரிய ஒன்று பைன் ஈ. உடல் கரியது, வால்நுனி செம்மஞ்சள் நிறத்தது. தேனீயை ஒத்ததாயினும், தேனீக்குச் சிறகுகள் நான்கு, இதற்கோ இரண்டே.

ஸ்கண்டிநேவியா முதல் சைபீரியா வரை வாழும் இவ்வினம், பிரித்தானியாவில் ஸ்கொத்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டுமே எஞ்சிற்று. காரணம் யாது? முதிர்ந்த பைன் மரத்தின் அடிக்கட்டை உள்ளே உக்கிக் குழியாக, அதில் மழைநீர் தேங்கும். அந்நீரிலுள்ள பக்டீரியாக்களை உண்டே இதன் குடம்பி வளரும். பெருமரங்கள் அருகவே ஈயும் அருகிற்று.

ஆய்வாளர் கட்டைகளிற் குழி குடைந்தனர். விலங்குப் பூங்காவில் வளர்த்த குடம்பிகளைக் காட்டில் விட்டனர். ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின், 2022ஆம் ஆண்டில், வளர்ந்த ஈ அங்கு மீண்டும் காணப்பட்டது. பயனற்றதென மனிதர் அகற்றும் உக்கிய கட்டை, ஓர் உயிரினத்தின் தொட்டிலாகும்.