மேற்கோள் எண்ணிக்கையும் அலையாத்திக் காடும்

ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகிறது. தத்தம் துறையில் உலக அளவில் முதல் 2 விழுக்காட்டுக்குள் இடம்பெறும் அறிவியலாளர்கள் யார் யார் என்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் தலைமையிலான குழு தொகுக்கும் பட்டியல் அது. அது வந்த சில நாள்களுக்குள் நம் கல்லூரி வாயில்களில் பாராட்டுப் பதாகைகள் எழுகின்றன. நாளிதழ்களில் செய்திகள் வருகின்றன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால், அந்த ஆய்வாளர் எதைக் கண்டறிந்தார், அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்னும் வினாவுக்கு அச்செய்திகளில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள் என்ற கணக்கு மட்டுமே இருக்கும்.

ஆய்வின் தாக்கத்தை எண்ணால் அளக்கும் வழக்கத்துக்கு வலுவூட்டியது 2005-ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு. ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு 20 ஆகும். கணக்கு எளிது. பேராசிரியர் நியமனம், பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி ஆகியவற்றில் இதற்குச் செல்வாக்கு மிகுதி. ஆனால், இந்த எண் சொல்லாமல் விடுவது எவ்வளவு என்பதை உணர, அதே 2005-ஆம் ஆண்டில் நம் அண்டைக் கடற்கரையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் வரலாறு போதும்.

புதுச்சேரியிலிருந்து கடலூரைக் கடந்து தெற்கே சென்றால் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யாவின் முயற்சியால் அங்கு உருவானது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அதன் அருகிலேயே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு விரிந்திருக்கிறது. அந்தக் காட்டையே தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் அம்மையத்தின் பேராசிரியர் க. கதிரேசன்.

அமெரிக்க உயிரியலாளர் பிரையன் பிங்காமுடன் இணைந்து 2001-இல் அவர் எழுதிய, அலையாத்திக் காடுகளின் உயிரியல் குறித்த நெடிய தொகுப்புக் கட்டுரை, ஒரு நூலளவு விரிவுடையது. உலகெங்கும் அலையாத்தி ஆய்வில் இறங்குவோர் முதலில் புரட்டும் படைப்புகளுள் அது ஒன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. பிச்சாவரத்தில் அவர் அடையாளம் கண்ட சுரபுன்னை வகை மரம் ஒன்று, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி 'ரைசோபோரா அன்னாமலயானா' என 1995-இல் தனிச் சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அது இரு சிற்றினங்களின் இயற்கைக் கலப்பினம் என்று அறியப்பட்டது. அந்தத் திருத்தத்தையும் 1999-இல் அவரே வெளியிட்டார். அறிவியல் நடக்க வேண்டிய முறை இதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. அதன் பின்னர் கதிரேசனும் என். ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டையை ஒட்டிய கடலோரத்தில் 18 குக்கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொன்றிலும் நேர்ந்த உயிரிழப்பையும் பொருளிழப்பையும் கணக்கிட்டு, மூன்று காரணிகளோடு ஒப்பிட்டனர்: கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம், இடையில் எவ்வளவு தாவரப் பரப்பு. இம்மூன்றும் கூடக்கூட இழப்பு குறைந்தது என்பது அவர்களின் முடிவு. மக்கள் குடியிருப்புகள் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த அலையாத்தி அல்லது பிற கடலோரத் தாவரங்களுக்குப் பின்னால் அமைவது நல்லது என்று அவர்கள் பரிந்துரைத்தனர்.

கட்டுரை 2005-இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அதே ஆண்டில், 'சயின்ஸ்' இதழில் பின் டேனியல்சன் முதலியோர் எழுதிய வேறொரு கட்டுரையும் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வே. செல்வமும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். பேரலைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கடலூர் மாவட்டக் கடலோரத்தை ஆராய்ந்த அக்கட்டுரையும், மரங்கள் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்றே கூறியது. 'அலையாத்திகள் காப்பாற்றின' என்னும் செய்தி உலகம் முழுவதும் பரவியது.

மறு ஆண்டே மறுப்பு வந்தது. அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்ட், ஸ்டூவர்ட் கேம்ப்பெல் ஆகிய மூவர் அதே 18 ஊர்களின் தரவுகளை எடுத்து மறுபகுப்பாய்வு செய்தனர். தொலைவும் உயரமும் சமமாக உள்ள ஊர்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பு உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றார்கள். தொலைவையும் உயரத்தையும் கணக்கில் கொண்ட பின், தாவரப் பரப்பு கூடுதலாக விளக்குவது 1 விழுக்காட்டுக்கும் குறைவே என்பது அவர்களின் கணிப்பு.

இந்த வாதத்தைப் புதுச்சேரிக்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2004-இல் நம் நகரின் மையப் பகுதி பெரும் சேதமின்றித் தப்பியது; கடற்கரைச் சாலையின் கற்சுவர்தான் காப்பாற்றியது என்று நம்மில் பலர் சொல்கிறோம். அந்தச் சுவர் நிற்பதோ கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த நிலத்தின் விளிம்பில். அப்படியென்றால் காத்தது சுவரா, மேடா? இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்போது நன்றியை எதற்குச் செலுத்துவது? பரங்கிப்பேட்டை ஊர்களிலும் இதே சிக்கல்தான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊருக்கும் கடலுக்கும் இடையே நிலம் அதிகம். நிலம் அதிகமானால் மரங்களும் அதிகம். மேட்டு நிலத்திலும் தாவரம் மிகுதி. ஆகவே, தொலைவும் உயரமும் செய்த நன்மை மரத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கலாம் என்பதே மறுப்பாளர்களின் கேள்வி.

கதிரேசனும் ராஜேந்திரனும் அதே இதழில் பதில் எழுதினர. அதே தரவுகளை வேறு முறையில் பகுத்த வெர்மாட், தம்பன்யா என்னும் இருவர், அலையாத்தி இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்ற கருத்தை ஆதரித்து எழுதினர். ஒரே 18 ஊர்கள். ஆனால், எட்டப்பட்ட முடிவுகள் வேறு வேறு. ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த மூன்று காரணிகளைப் பிரித்தறிய 18 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம்.

இந்த வினா அங்கேயே நின்றுவிடவில்லை. பொருளியலாளர்கள் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும் 1999-ஆம் ஆண்டு ஒடிசா பெரும்புயலை எடுத்துக்கொண்டனர். கேந்திரபாரா மாவட்டத்தில் 409 கிராமங்களின் தரவுகளைத் திரட்டி, பிற காரணிகளையும் கணக்கில் சேர்த்துப் பகுத்தனர். 2009-இல் வெளியான அவர்களின் முடிவு தெளிவானது. கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த கிராமங்களில் உயிரிழப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைவு. ஆனால், அரசு விடுத்த முன்னெச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள், காடு காப்பாற்றியவற்றைவிட அதிகம். புயல் எழுப்பும் அலை வேறு, ஆழிப்பேரலை வேறு என்பதை மறந்துவிடலாகாது. எனினும், ஐயம் எழுப்பப்பட்டதால்தான் இத்தகைய விரிந்த, கவனமான ஆய்வுகளின் தேவை உணரப்பட்டது.

இப்போது எண்களுக்கு வருவோம். பரங்கிப்பேட்டைக் கட்டுரை இதுவரை நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. அதை ஏற்று எழுதியவரின் மேற்கோளுக்கும் ஒன்று. அதை மறுத்து எழுதிய கெர் குழுவினரின் மேற்கோளுக்கும் ஒன்று. படிக்காமலேயே முன்னுரையில் சேர்த்துக்கொண்டவரின் மேற்கோளுக்கும் ஒன்று. எச்-குறியீட்டுக்கு இவற்றிடையே வேறுபாடு தெரியாது. ஒரு கட்டுரையின் உண்மையான தாக்கம், அது எழுப்பிய வினாவிலும், அந்த வினா பிறரை எதுவரை கொண்டுசென்றது என்பதிலும் இருக்கிறது. அந்த அளவுகோலால் பார்த்தால், கதிரேசன், ராஜேந்திரன் கட்டுரை மறுக்கப்பட்டது அதன் குறையாகாது. ஊர்வாரியாகத் திரட்டிய தரவுகளை அவர்கள் வெளிப்படையாக அச்சிட்டிருந்ததால்தான் மறுப்பாளர்களால் அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க முடிந்தது. மறுபகுப்பாய்வுக்கு இடங்கொடுக்கும் ஆய்வே நேர்மையான ஆய்வு.

இவையெல்லாம் அறிஞர்களுக்கு இடையிலான சொற்போர் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மரங்கள் மட்டுமே காக்கும் என்று ஓர் அரசு நம்பினால், எச்சரிக்கை அமைப்புக்கும் மீனவக் குடும்பங்களின் பாதுகாப்பான குடியிருப்புக்கும் செலவிட வேண்டிய பணம் நாற்றங்காலுக்குப் போகும். மரங்களால் பயனே இல்லை என்று நம்பினால், முகத்துவாரங்கள் மனைகளாகவும் இறால் பண்ணைகளாகவும் மாறும். இரண்டு தவறுகளுக்கும் விலை கொடுக்கப்போகிறவர்கள் கரையில் வாழ்பவர்களே. ஆழிப்பேரலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் உயிரிழப்பில் பெரும்பங்கைத் தந்த காரைக்கால் மக்களுக்கு இது விளக்காமலே புரியும்.

கிடைத்துள்ள சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் செய்ய வேண்டியவற்றின் வரிசை தெளிவாகிறது. முதலில் முன்னெச்சரிக்கை. 2007 முதல் ஹைதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதன் எச்சரிக்கை கடைசிக் குப்பம் வரை சில நிமிடங்களில் சென்று சேர்கிறதா என்பதை ஒத்திகைகள் மூலம் உறுதிசெய்ய வேண்டும். அடுத்து, தொலைவும் உயரமும். அவை குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. மூன்றாவதாக, இருக்கும் காட்டைக் காப்பது.

அலையாத்திகள் திறந்த மணற்கரையில் வளர்வன அல்ல; ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்று நிலமே அவற்றின் இடம். எனவே, 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'மிஷ்டி' அலையாத்தி வளர்ப்புத் திட்டம் போன்றவற்றை, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் மதிப்பிடக்கூடாது. பிச்சாவரத்தில் சிதைந்த பகுதிகள் மீண்டெழுந்தது, அங்கு ஏன் மரம் வளரவில்லை என்ற ஆய்வுக்குப் பிறகே. நீர் தேங்கி உப்பு மிகுந்ததே காரணம் என்று கண்டறிந்து, வாய்க்கால்கள் வெட்டி ஓத நீர் வந்துபோக வழிசெய்த பின்னரே கன்றுகள் பிழைத்தன. எண்ணிக்கை மயக்கம் ஆய்வுலகுக்கு மட்டும் உரிய நோயன்று. வனத்துறை அறிக்கைகளையும் அது பீடிக்கும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்திலும் தேங்காய்த்திட்டிலும் நமக்கு எஞ்சியிருக்கும் சிறு அலையாத்தித் திட்டுகளுக்கும் முதல் தேவை புதிய கன்றுகள் அல்ல. தடையற்ற நீரோட்டமும் கழிவற்ற கரையும்தான்.

நம் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை சிறந்த விஞ்ஞானிகள் பட்டியல் வெளியாகும்போது, மேற்கோள் எண்ணிக்கையோடு ஒரு பக்க அளவில் தமிழில் ஒரு குறிப்பையும் வெளியிடட்டும்: இவர் கேட்ட கேள்வி என்ன, கண்ட விடை என்ன, அதை மறுத்தவர் உண்டா, இன்னும் தெளிவாகாதது எது? பரங்கிப்பேட்டை ஊர்களின் இழப்பு பன்னாட்டு இதழில் ஆங்கில அட்டவணையாக அச்சாகி, அறிஞர்கள் பலரால் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதம் எங்கே முடிந்தது என்பதை அந்த ஊர்களுக்கு அவர்களின் மொழியில் சொல்லும் கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது. அதை நிறைவேற்றும் நாளில்தான் ஆய்வின் தாக்கம் முழுமை பெறும்.